ராஜத்துக்குக் குளிருகிறது

1962 டிசம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. தேக்கா மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர். செருப்பு ஒன்று போச்சு. வாங்க வேண்டியது: செருப்பு, காப்பித்தூள், சோப்பு.

ஆப்பரேஷன் தியேட்டரில் ஏர்கண்டிஷன் வந்ததிலிருந்து பெரிய டாக்டருக்கு (இனி பெ.டா., அவ்வளவு மரியாதை போதும்) தலைகால் புரியவில்லை. வருகிறவனுக்கெல்லாம் காட்டிப் பீற்றல். அவருக்கு வியர்க்கக் கூடாதாம். மேஜையில் துணியில்லாமல் கிடக்கிற உடம்பு சில்லிட்டால் அவருக்கென்ன? இன்று ஒரு கிழவருக்கு உதடெல்லாம் நீலம். போர்வை கேட்டேன். இந்த வெக்கை பிடித்த சிங்கப்பூரில் போர்வையா என்று சிரித்தார். சின்ன டாக்டர்களும் சிரித்தார்கள். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம் போல.

டிச. 4, செவ்வாய்

மழை. செருப்பு வாங்கவில்லை.

வியாழக்கிழமை என் நாத்தனார் ராஜத்துக்குப் பித்தப்பை ஆப்பரேஷன். எங்கள் தியேட்டரில்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நர்ஸ் என்பதால் 'மிஸ்ஸி'தான். அதுவும் பீப்பாத்திரம் தூக்குகிற மிஸ்ஸி. இப்போது கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாள், அந்தக் குளிரைத் தாங்குவாளா? பயமாக இருக்கிறது. இவளுக்காகப் பயப்படுகிறேனே என்று எரிச்சலாகவும் இருக்கிறது.

டிச. 6, வியாழன்

மழை விட்டது. தியேட்டரில் குளிராமலிருக்க ராஜத்தின் இரண்டு காலுக்கும் பஞ்சு சுற்றி பேண்டேஜ் கட்டினேன். பெ.டா. பார்த்துவிட்டு, என்ன பார்சலா என்றார். பிரிக்கச் சொன்னார். பிரித்தேன். வெட்கக்கேடு.

தியேட்டர் வேலை முடித்து வார்டுக்குப் போனால், ராஜம் நடுங்குகிற நடுக்கத்தில் கட்டிலே ஆடுகிறது. மாமியார் அவள் நெற்றியில் ஓடிகொலோன் ஈரத்துணி போட்டு, ஜன்னி கண்டுவிட்டது என்று புலம்பல். மேலே காற்றாடி முழு வேகம். இவர் ஐஸ் வாங்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் வேறு! நடுக்கம் என்றால் ஜுரம், இந்த ஊரில் அவ்வளவுதான் தெரியும். குளிரில் நடுங்கி எவன் பார்த்திருக்கிறான்?

"தொட்டுப் பாருங்க. ஜில்லுனு கெடக்குறா. இதுல ஐஸா?"

மாமியார் முன்னால் நான் குரல் உயர்த்தியது இதுதான் முதல் தடவை. துணியைப் பிடுங்கி எறிந்தேன். காற்றாடியை நிறுத்தினேன். ஸ்டெரிலைசர் பக்கத்தில் சூடாக்கிய போர்வைகளைக் கொண்டுவந்து போர்த்தினேன். உள்ளங்காலை இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். நகமெல்லாம் நீலம். போய்விடுவாளோ என்று அழுகை வந்தது, அடக்க முடியவில்லை.

வெகுநேரம் கழித்து நடுக்கம் அடங்கியது. கண் திறக்காமலே சொன்னாள்.

"கைய எடுக்காத, சரசு."

பேர் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

டிச. 9, ஞாயிறு

வெயில். ராஜத்தைப் பார்க்கப் பாதி சிராங்கூன் ரோடே வந்திருந்தது. ஆளுக்கு ஒரு பை ஆரஞ்சு. மாமியார் கணக்கில், பிழைக்கவைத்தது டேங்க் ரோடு முருகன். இவர் கணக்கில் பெ.டா.வின் கைராசி. பக்கத்து வீட்டம்மா என்னைக் காட்டி, தம்பி பெண்டாட்டியும் இந்த ஆஸ்பத்திரிதானே லா என்று கேட்டாள்.

"ஆமா. மிஸ்ஸி. போர்வை மடிப்பா" என்றாள் ராஜம்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க வாயெடுத்தேன். அதற்குள் கை தானாகப் போர்வைக்குள் போய் அவள் காலைத் தொட்டுப் பார்த்தது. சூடு. சரி, தொலையட்டும்.

நாளை முதல் கேஸ் ஒரு கிழவி. பஞ்சும் பேண்டேஜும் எடுத்து வைத்தாச்சு. பிரிக்கச் சொல்வார். இந்தத் தடவை அவரே பிரித்துக்கொள்ளட்டும்.