காதருகே பிடித்த ஹாம்ஸ்டர்

புரட்டாசி 12, ஞாயிறு

நேற்று மகள் கயலுக்கு ஹாம்ஸ்டர் என்கிற வளர்ப்பு எலி வாங்க விருதுநகர் போனோம். கண் தெளிவாக இருக்க வேண்டும், பின்பக்கம் ஈரம் இருக்கக் கூடாது என்று கடைக்காரர் சொல்லிக்கொடுத்தார். "காதுகிட்ட வச்சுப் பாருங்க. மூச்சுல கறகறன்னு சத்தம் வந்தா எடுக்காதீக."

வைத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு" என்று வாங்கி வந்துவிட்டேன்.

இன்று காலையில் கயல் அழுதாள். "மூச்சு விடுறப்போ சத்தம் வருதுப்பா. உங்களுக்குக் கேக்கலையா?"

எனக்கு எங்கே கேட்கும்? திருத்தங்கல் பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷமாக வெடிகளை வெடித்துச் சோதிக்கிற வேலை. இடது காது அறவே போய்விட்டது. வலதும் சின்னச் சத்தத்தைப் பிடிப்பதில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் மனைவி ராணி வேலைக்கு விடமாட்டாள்.

மறுபடி கடைக்குப் போனோம். "இதத் தனியா வச்சு மருந்து குடுக்கேன்" என்று கடைக்காரர் வாங்கிக்கொண்டார். இந்த முறை வேறொரு குட்டியைக் கயலின் காதருகே பிடித்தேன்.

"நீயே கேளு தாயி. அப்பாவுக்கு இடது காது கேக்காது."

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். "இது நல்லா இருக்குப்பா." பிறகு மெதுவாக, "அம்மாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

பஸ்ஸில் என் இடது பக்கம் இருந்தவள், கூண்டோடு எழுந்து வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். "நான் சொல்லவா, நீங்க சொல்றீகளா?"

நானே சொல்கிறேன் என்றேன்.

ராணி இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறாள். எழுந்து போகிறேன்.