சூடத்தின் முன் மாணிக்கம்

14-8-1983, ஞாயிறு. காவலூர்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டதால் நண்பர்கள் நாங்கள் நால்வரும் என் வீட்டில் கொலைகாரன் ஆட்டம் ஆடினோம். சீட்டில் எனக்குக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தது. கொலைகாரன் சீட்டு எடுத்தவன் பொய் சொல்லித் தப்பிக்கலாம். நான்தான் அளவு மீறினேன். தட்டில் சூடம் ஏற்றி, கொலைகாரன் நானில்லை என்று அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். இருவர் சிரித்துக்கொண்டே அணைத்தார்கள். என் பள்ளிக்கூட அட்டெண்டர் மாணிக்கம், மலைக்காரன், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நான்தாங்க கொலகாரன்."

"இன்னா மாணிக்கம், ஆட்டத்தையே கெடுத்துட்டியே!" என்று சிரித்தேன்.

"ஆட்டம்னாலும் சூடத்து மேல பொய் சொல்ல முடியாதுங்க சார்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. போன மாதம் என் கைக்கடிகாரம் காணாமல் போனபோது, இதே மாணிக்கம் தானாகவே வந்து சூடம் ஏற்றி, எடுக்கவில்லை என்று அணைத்துக் காட்டினான். சரி என்று தலையாட்டினேன். மறுநாளே அலமாரிக்குப் பூட்டு வாங்கினேன்.

கிளம்பும்போது கேட்டான். "அந்த வாட்ச் கெடச்சுதுங்களா சார்?"

இல்லை என்றேன். அவன் அலமாரிப் பூட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மழையில் இறங்கிப் போனான்.

சாவி இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.