பெரட்டு என்ற சொல் புரட்டு ஆனது குறித்து

அனுப்புநர்:
சோ. தாரணி,
த/பெ சோலைமுத்து,
காலனித் தெரு, ஈச்சம்பாறை,
கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
பூண்டு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம்,
ஈச்சம்பாறை.

பொருள்: எடை நாளில் பெயர் கூப்பிடும் பணியிலிருந்து என் தந்தை சோலைமுத்து நிறுத்தி வைக்கப்பட்டது – அவர் மீதான விசாரணையைக் கைவிட்டு, தவறு செய்தவராக என் பெயரைப் பதிய வேண்டுதல் – சார்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மேற்படி சோலைமுத்துவின் ஒரே மகள். குத்தகைக் காட்டில் நாங்கள் போடும் கொஞ்சம் பூண்டுக்காகத் தங்கள் சங்கத்தில் என் பெயரில் உறுப்பினர் அட்டையும் இருக்கிறது. புகார் மனு என்றால் யார் மீது என்று முதலில் சொல்ல வேண்டும். இது என் மீது நானே கொடுக்கும் புகார்.

1. கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறேன். மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. இதே தொழிலில் இருப்பவர்கள் இணையத்தில் ஒரு குழுவாக இயங்குகிறார்கள். புதிதாக வருபவர்களின் சந்தேகங்களுக்கு அங்கே பதில் சொல்லி வந்தேன். அதற்காக இந்த ஆண்டு எனக்குச் 'சிறந்த வழிகாட்டி' என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். பட்டம் என்றால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முத்திரை, அவ்வளவுதான். அதைப் பெற்றவர்கள் தாங்கள் வந்த வழியைப் பற்றி ஒரு பதிவு எழுதுவது அங்கே வழக்கம்.

2. எனக்கு முன் பட்டம் பெற்றவர்களின் பதிவுகள் படிப்பவர் கண்ணைக் கலங்க வைத்தன. எனக்கோ அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா வேலைக்குப் போனார், என்னைப் படிக்க வைத்தார். இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று, செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் வாயால் சொல்லி எழுதித் தரக் கேட்டேன். உருக்கமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். நான் சொன்னது இதுதான்: "எங்க அப்பா முப்பது வருசம் எஸ்டேட்ல பெரட்டு பார்த்தவரு. ஆளுங்க பேரை வச்சுத்தான் பெரட்டு நடக்கும். நேர்மைன்னா என்னான்னு அந்த வீட்லதான் படிச்சேன்."

3. பெரட்டு என்ற சொல் தங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. மேல்மலைக்காரர் யாரும் அதைச் சொல்வதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இங்கே குடியேறிய எங்களைப் போன்ற குடும்பங்கள் கூடவே கொண்டுவந்த சொல் அது. விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை ஓரிடத்தில் கூட்டி, பெயர் கூப்பிட்டு, ஆளுக்கு இன்ன வேலை என்று பிரித்து அனுப்புவதற்குப் பெரட்டு என்று பெயர். அப்பா அடுக்கம் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றில் அந்த வேலையைத்தான் பார்த்தார். காய்ச்சலில் படுத்த ஆளின் பெயரையும் விடாமல் கூப்பிட்டு, பதில் வராவிட்டால் வீட்டுக்கு ஆள் அனுப்பி என்னவென்று கேட்பார்.

4. செயலிக்கு அந்தச் சொல் புரியவில்லை. அது எழுதித் தந்த வரி: "தொழிலாளர்களின் பெயரை வைத்து முப்பது ஆண்டுகள் புரட்டு நடத்திய ஒருவரின் வீட்டில்தான் நான் நேர்மையைக் கற்றுக்கொண்டேன்." இதை நான் படிக்காமல் போடவில்லை, ஐயா. படித்துவிட்டுத்தான் போட்டேன். பெரட்டு என்பதைக் காதால் கேட்டிருக்கிறேனே தவிர எழுத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. பள்ளியில் நான் வீட்டுப் பேச்சைப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அதனால் எழுத்தில் புரட்டு என்றுதான் வரும் போலிருக்கிறது, நம் வீட்டில்தான் தப்பாகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். புரட்டு என்றால் மோசடி என்பது அந்த நேரத்தில் உறைக்கவில்லை, அகராதியைப் புரட்டக்கூடத் தோன்றவில்லை. என் வீட்டுச் சொல்லைவிட மெஷின் எழுதியதை நம்பினேன்.

5. அதுவரை நடந்தது அறியாமை. இதற்குப் பிறகு நடந்ததைத்தான் தங்கள் முன் வைக்க வெட்கப்படுகிறேன். பதிவு போட்ட அன்று மாலையே பாராட்டுகள் வந்து குவிந்தன. "பெற்ற தந்தையின் மோசடியை மறைக்காமல் எழுதிய துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு என் பதிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று அப்போது முழுதாக விளங்கிவிட்டது. உடனே அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. எந்தப் பதிவுக்கும் எனக்கு அவ்வளவு பாராட்டு வந்ததில்லை. ஈச்சம்பாறையில் யார் இதைப் பார்க்கப் போகிறார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நன்றி, நன்றி என்று பதிலும் போட்டுக்கொண்டிருந்தேன்.

6. நம் சங்க உறுப்பினர் திரு. சேனாதிபதியின் மருமகன் என் தொழிலில்தான் இருக்கிறார். அவர் மூலமாகப் பதிவு சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. பெயர் கூப்பிடும் வரிசைப்படிதான் எடை போட்டு வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போகும் லாரியில் மூட்டை ஏறுகிறது என்பதும், பின்னால் தள்ளப்பட்டவர் அன்றைய சந்தையை விட வேண்டியதுதான் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆகவே, "பேரை வச்சுப் புரட்டுப் பண்ணுன ஆளா நம்ம பேரைக் கூப்பிடுறது?" என்று திரு. சேனாதிபதி கேட்டதில் தவறில்லை. விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று தாங்கள் அப்பாவிடம் சொன்னதிலும் தவறில்லை. "பெத்த பிள்ளையே எழுதிப் போட்டுருக்குங்க, நான் என்ன செய்ய?" என்று தாங்கள் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். எல்லாம் என் எழுத்தை நம்பி நடந்தது.

7. மறுநாள் பேருந்து நிறுத்தத்தில், உறுப்பினர் லெட்சுமி அக்கா எல்லோர் முன்பும் என்னைக் கேட்டார்: "ஏம்மா, அந்தாளு வெள்ளனே வந்து, வந்த வரிசை மாறாம கூப்பிடுறதாலதான நாங்க நம்பி மூட்டையை எறக்கி வைக்கிறோம். சொந்தக்காரனுக்குக்கூட முந்தி விட்டதில்ல. உனக்கு எப்புடி மனசு வந்துச்சு?" பேருந்தில் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

8. அப்பாவுக்கு அந்தப் பதிவை நானே படித்துக் காட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசிவரை கேட்டுவிட்டு, "மெசினுக்கு நம்ம பேச்சு எப்புடித் தெரியும்? அத விடு. தெரிஞ்ச பெறகும் ஏன் வச்சிருந்த?" என்று மட்டும் கேட்டார். அவர் முன்பாகவே பதிவை நீக்கிவிட்டேன். நடந்ததை அதே குழுவில் எழுதி, பட்டத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பாராட்டியவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

செயலியில் நான் வாயால் சொன்னதுகூடப் புரட்டு என்றுதான் பதிவாகியிருக்கிறது. எனவே அதை என்னால் சான்றாகக் காட்ட முடியாது. ஆனால் எங்கள் காலனியில் எந்த வீட்டில் கேட்டாலும் பெரட்டு என்றால் என்னவென்று சொல்வார்கள். அப்பா பெயர் கூப்பிட்டு வேலைக்குப் போன பொன்னுவேல் மாமா இன்னும் அடுக்கத்தில்தான் இருக்கிறார். தாங்கள் கூப்பிட்டால் நேரில் வந்து சொல்லத் தயாராக இருக்கிறார்.

ஆகவே, என் தந்தை மீதான விசாரணையை இத்துடன் முடித்துக்கொண்டு, குற்றம் சொல்லப்பட்டவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்படி வேண்டுகிறேன். வரும் சனிக்கிழமை எடைக்கு முன், உறுப்பினர்கள் கூடியிருக்கும்போது நானே நின்று நடந்ததைச் சொல்ல அனுமதி தர வேண்டும். அதன்பின் என்னைச் சங்கத்திலிருந்து நீக்குவதானாலும் கட்டுப்படுகிறேன். அன்று ஒருநாள் மட்டும் என் பெயர் வரிசையில் இருக்கட்டும். பெயர் கூப்பிடும் பணியை அன்றே அப்பாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல, ஆனாலும் எழுதுகிறேன். அப்பா என்னோடு பேசாமல் இல்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார், குளிருகிறது, கதவைச் சாத்து என்கிறார். ஆனால் அன்று முதல் தாரணி என்று என்னைக் கூப்பிடவில்லை. எத்தனையோ பேரின் பெயரைக் கூப்பிட்டே வாழ்ந்த மனிதர் அவர். சனிக்கிழமை எங்கள் காட்டுப் பூண்டும் எடைக்கு வருகிறது. அவரைக் கூப்பிட விட்டீர்களென்றால், என் முறை வரும்போது அவர் என் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இடம்: ஈச்சம்பாறை
நாள்: 16.02.2026

தலைகுனிவுடன்,
(ஒப்பம்)
சோலைமுத்து மகள் தாரணி