முப்பத்தொரு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

ஆய்வகத் தலைவர் (கல்லூரியில் என் குறிப்புகளைக் கடன் வாங்கித் தேறியவர்) இருபது குழாய்களை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இறந்தவர்களின் மூளைத் துணுக்குகள். பத்து பேர் மனச்சிதைவு நோயாளிகள், பத்து பேர் நோயற்றவர்கள். எது யாருடையது என்று தெரியாமலே, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பில் இருக்கும் ஒரு புரதத்தை நான் அளக்க வேண்டும்.

ஒன்று என் தம்பியுடையதாக இருக்கலாம். போன வருடம் அவன் இறந்தபோது மூளையை, இந்தத் துணுக்குகள் வந்த இதே மூளை வங்கிக்குத்தான் கொடுத்தோம். தலைவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இந்த வேலையை என்னிடமிருந்து பிடுங்கிக்கொள்வார்.

மார்ச் 6

தங்கை போனில். அதே பழைய பாட்டு. "நீ அறைஞ்ச அன்னிக்குத்தாண்ணா அவன் பேச்ச நிறுத்துனான். இருபது வருஷம்."

பரீட்சைக்குப் போகாமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தான், அறைந்தேன். அதற்கு முன்பே நோய் இருந்தது, புரதம் குறைந்தால் அப்படித்தான் ஆகும் என்றேன். "அப்ப காட்டு" என்றாள்.

காட்டுகிறேன்.

மார்ச் 11

பதினான்காவது குழாயின் பட்டை, புரதம் எவ்வளவு என்று காட்டும் கறுப்புக் கோடு, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு வெளிறல். நீதானாடா?

சந்தோஷப்பட்டேன். சீ.

மார்ச் 12

எந்தக் குழாய் யாருடையது என்ற குறியீட்டுத் தாளைத் திறந்தார்கள். பதினான்கு: ஆண், முப்பத்தொன்பது வயது, நோயாளி. இறந்ததிலிருந்து உறைய வைத்தது வரை முப்பத்தொரு மணி நேரம். அவனேதான்.

அவ்வளவு நேரம் புரதம் தாங்காது. நோயோடு சம்பந்தமில்லாத, ஒப்பீட்டுக்கான இன்னொரு புரதத்தையும் பார்த்தேன். அதுவும் கரைந்திருந்தது. அப்படியானால் இது நோய் அழித்ததா, தாமதம் அழித்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது.

தாமதம் யாரால்? மூளையைக் கொடுக்க எங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அறைஞ்சது தப்புன்னு ஒத்துக்கோ, போடறேன் என்றாள் தங்கை. மாட்டேன் என்றேன். மருத்துவமனை வராந்தாவில் ஒரு நாள் முழுக்க — மாட்டேன், மாட்டேன். கடைசியில் அவள்தான் அழுதுகொண்டே போட்டாள். ஜெயிச்சேன். என்னத்த ஜெயிச்சேன்?

மார்ச் 13

தலைவர் நேரத்தைக் கவனிக்கவில்லை. "பதினாலு பிரமாதம்யா, கட்டுரைல அதத்தான் படமா போடறோம்."

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தங்கை முகத்தில் வீச அச்சிட்ட ஆதாரம்.

மார்ச் 14

பதினான்கை ஆய்விலிருந்து நானே நீக்கினேன். காரணம் என்ற இடத்தில் 'தாமதம்' என்று எழுதினேன். தலைவர் எரிந்து விழுந்தார். விழட்டும்.

மாலையில் தங்கையைக் கூப்பிட்டேன். புரதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "அறைஞ்சது தப்புதாம்மா" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை.