மாடி வீட்டு பைப்பில் மின்கசிவு

அனுப்புநர்:
மாடிக் குடித்தனக்காரர்,
(தையற்கடையில் துணி வெட்டுபவர்),
பழைய அச்சகத்துக்கு எதிர் வீடு.

பெறுநர்:
மின் ஆய்வாளர் அவர்கள்,
மின் ஆய்வு அலுவலகம்.

பொருள்: பழைய வீட்டில் எர்த் சோதிக்காமல் புது வாட்டர் ஹீட்டர் மாட்டியது – மாடி பைப்பில் மின்சாரம் வருவது – உடனே நிறுத்தக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குடியிருக்கும் வீடு மிகப் பழையது. கீழே வீட்டுக்காரர், மேலே நானும் ஆறு வயது மகளும். என் மனைவி சென்ற மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டாள். அதற்கும் மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை. பின்னால் வருவதைப் படித்துத் தாங்கள் குழம்பக் கூடாது என்பதற்காகவே சொல்கிறேன்.

2. அவள் போன அடுத்த மாதம் கீழ்வீட்டு ஹீட்டர் பழுதாகிப் புதிது மாட்டினார்கள். வயர்மேன் அதன் எர்த் கம்பியை மாடிக்கு ஏறும் இரும்புத் தண்ணீர் பைப்பில் கட்டினார். பழையதும் அப்படித்தான் இருந்ததாம். முன்பு அந்த பைப் தெரு வரை மண்ணுக்குள் ஓடியது. தெருவைத் தோண்டிப் பிளாஸ்டிக் பைப் போட்ட பிறகு, எங்கள் இரும்பு பைப் வாசலோடு நின்றுவிட்டது. கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போகவில்லை, மாடிக்கு வருகிறது. கீழ்வீட்டுக்குள் பைப்பும் குழாயும் பிளாஸ்டிக்காக மாற்றியாகிவிட்டதால் அவர்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை.

3. காலையில் கீழே வெந்நீர் போடும்போது எங்கள் குழாயைத் தொட்டால் விறுவிறுவென்று இழுக்கும். இதை முதலில் கண்டுபிடித்தது என் மகள். என்னிடம் வந்து, “அப்பா, அம்மா என் கையைப் பிடிக்கிறாங்க” என்றாள். அந்தக் குழாயடியில்தான் தினமும் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கை கழுவி விடுவாள் என் மனைவி.

4. நானும் கை வைத்துப் பார்த்தேன். சோதிப்பதற்காக என்று எழுதலாம்தான். ஆனால் சோதனைக்கு ஒருமுறை போதும்.

5. எங்கள் கடைக்குத் தையல் மோட்டார் பழுது பார்க்க வரும் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து காட்டினேன். டெஸ்டரை வைத்ததும் விளக்கு எரிந்தது. ஹீட்டருக்குள் கசிவு இருக்கிறது, நாளாக நாளாகக் கூடும் என்றார். “இன்னிக்குக் கிள்ளுது. ஒரு நாள் பிடிச்சுக்கும், அப்புறம் விடாது” என்றார். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயமே இல்லை ஐயா, அதுதான் எனக்குப் பயம்.

6. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். ஈரக் கையோடு தொட்டால் அப்படித்தான் இருக்கும், மனசு சரியில்லாத வீட்டில் எதுவும் தோன்றும் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார். ஹீட்டரை நிறுத்தச் சொன்னது மட்டும் அவர் காதில் விழவில்லை.

7. பித்தளைக் குழாயைக் கழற்றிவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் மாட்டினேன். மறுநாளே மகள் சுவரோரம் ஏறும் இரும்பு பைப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். துணி சுற்றினேன், அவிழ்த்துவிட்டாள். அடுப்பைப் பார்க்க நான் திரும்பினால் போதும், அங்கே போய் நிற்கிறாள். வேறு வீடு போய்விடலாம் என்றால், “அப்ப அம்மா இங்க தனியா இருப்பாங்களே” என்கிறாள்.

8. பழைய வீடானாலும் சாதனத்தை மாற்றினால் எர்த் சோதித்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று தங்கள் அலுவலக வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஆனால் என் முதல் மனுவுக்கு, விபத்து ஏதும் நிகழாததால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. விபத்து நிகழ்ந்தால் அடுத்த மனு எழுத எனக்குக் கை ஓடாது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

9. ஆகவே தாங்கள் நேரில் வந்து அந்த ஹீட்டரின் இணைப்பைத் துண்டித்து, மண்ணில் முறையாக எர்த் போட்டு, பைப்பில் மின்சாரம் இல்லை என்று சோதித்த பிறகே மறுபடி இணைப்புக் கொடுக்க உத்தரவிட வேண்டும். மகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் வந்தால் நல்லது. வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டுகிறேன். அன்றைக்கு நான் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில்லை. மறுநாள் காலை கீழே வெந்நீர் போடும் நேரத்தில் அவள் பைப்பில் கை வைத்துக் காத்துக்கொண்டிருப்பாள். அந்த ஒரு நாள் மட்டும் நான் கடைக்கு விடுப்புச் சொல்ல வேண்டும்.

இடம்: மேற்படி வீடு
நாள்: திங்கட்கிழமை

தங்கள் வரவை எதிர்பார்த்தும், அதற்கு அஞ்சியும்,
(கையொப்பம்)
மாடிக் குடித்தனக்காரர்