இடது சீட்டின் தையல்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் குட்டியும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அப்பா சுகம், அவருடைய கார் அவரைவிட சுகம், நானும் இருக்கிறேன். போன மாதம் மாடித் தண்ணீர்க் குழாய் உடைந்து வீடெல்லாம் வெள்ளம், உன் தங்கை வந்துதான் ஆள் பிடித்துச் சரி செய்தாள், அப்பாவுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை, ஷெட்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். உனக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமாம். காலையில் எழுந்து பல் துலக்குகிறாரோ இல்லையோ, அந்தச் சிவப்புப் பெயின்ட்டுக்கு மெழுகு போட்டுவிடுகிறார். இப்போது எழுதப் போவதை நான் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவர் குத்துக்கல் மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், சாப்பிட்டாயா என்று கேட்பதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது.

அப்பாவின் காரை நீ விலைக்கு வாங்கப் போகிறாய், கப்பலில் வரவழைக்கப் போகிறாய் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ எழுதியதை அவரே படித்துக் காட்டினார். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கறதுன்னா எல்லாரும் பயப்படுவாங்க, எனக்கு அந்தக் கவலையே இல்ல, நம்ம வண்டியை அப்பாவை விட நல்லா செக் பண்ண யாரு இருக்கா, நான் நேர்ல வர வேண்டிய அவசியமே இல்ல என்று எழுதியிருந்தாய். படித்து முடித்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். விற்கிற ஆளையே சோதிக்கிற ஆளாகவும் போட்ட புத்திசாலி நீ ஒருவன்தான் இருப்பாய், இத்தனை படிக்க வைத்து என்ன பிரயோசனம். நாலு வருஷமாக எங்களைப் பார்க்க வரவில்லை, காருக்காகவாவது வருவாய் என்று நினைத்தேன், அதற்கும் வரமாட்டாயாம்.

முப்பது வருஷமாக அவர் அந்தக் காருக்கு அடியில் படுத்திருக்க, நான் பக்கத்தில் குந்தி டார்ச் பிடித்தவள். பழைய வண்டியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அவர் எடுத்த பாடம் எனக்கு மனப்பாடம், அதையே உனக்கு எழுதுகிறேன். பார்க்கப் போகிற நேரத்தைச் சொல்லிவிட்டுப் போகாதே. போனதும் பானெட்டில் கை வை, சூடாக இருந்தால் நீ வருவதற்குள் ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆறிக் கிடக்கிற எஞ்சினில்தான் கோளாறு தெரியும். ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் நின்று புகையைப் பார், நீலமாக வந்தால் ஆயிலைக் குடிக்கிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து அடிப்பக்கம் பார், பாலாடை மாதிரி படிந்திருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடு. வண்டியில் அடித்திருக்கிற நம்பரும் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற நம்பரும் ஒன்றா என்று எழுத்து எழுத்தாகப் பார். நம் காரில் இதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் உன் அப்பாவே, எஞ்சின் போனா மாத்திக்கலாம், அடிச்சட்டம் போனா வண்டியே போச்சு, ஆள் அது மேலதானே உக்காந்திருக்கான், அதைத்தான் முதல்ல பாக்கணும் என்பார். கதவைச் சுற்றியுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்க வேண்டும். கதவைத் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தால் உள்ளே ஏதோ வளைந்திருக்கிறது. நம் காரின் இடது கதவை இப்போது தூக்கித்தான் சாத்துகிறோம். அவர் அனுப்பிய பதினோரு போட்டோவையும் எடுத்துப் பார், வெளியே எடுத்த எல்லாவற்றிலும் வலது பக்கம்தான் இருக்கும், இடது பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருப்பார்.

பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு காந்தம் போதும், இரும்புத் தகடென்றால் ஒட்டும், நசுங்கலை மறைக்கப் பட்டி அடைத்திருந்தால் விழுந்துவிடும். கீழே சிந்தின குண்டூசியைப் பொறுக்க என் தையல் மெஷினில் ஒரு காந்தம் தொங்குமே, போன வாரம் அவர் வெளியே போயிருந்த நேரம் அதை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பானெட்டில் ஒட்டியது, வலது கதவில் ஒட்டியது. இடது கதவின் கீழ்ப்பாதியில் வைத்தேன், பொத்தென்று விழுந்தது. கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற தகட்டில் வைத்தேன், அங்கேயும் விழுந்தது. விரல் கனத்துக்குப் பட்டி பூசி மெழுகியிருக்கிறது. எனக்குத் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் போலிருந்தது.

அம்மா தைச்ச சீட் இன்னும் அப்படியே இருக்கு என்று எழுதியிருந்தாய். வலது சீட் நான் தைத்தது. இடது சீட்டைப் போட்டோவில் பெரிதாக்கிப் பார், தையல் எட்டி எட்டி விழுந்திருக்கும், மூலையில் இரண்டு இடத்தில் சுருக்கம் இருக்கும், அது கடையில் கொடுத்துத் தைத்தது. அப்போது என் கை கட்டுப் போட்டிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்று சொன்னோமே, நீகூடப் பதறிப்போய் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்றைப் பார்சலில் அனுப்பினாயே, அந்தப் பாத்ரூம் ஒரு பாவமும் அறியாது. முறிந்தது காரில். உங்க இடது கண்ணுல புரை முத்திடுச்சு, ஆபரேஷன் முடியறவரை ஸ்டீயரிங்கைத் தொடாதீங்க என்று கண் டாக்டர் சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மத்தியானம் ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வா என்றார். வேண்டாம் என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாரே என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். கால்வாய்ப் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடது பக்கம் நெருங்குவது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை. அவர் மேல் ஒரு கீறல் இல்லை. கதவைத் திறந்துகொண்டு இறங்கி ஓடி வந்தார், என்னிடம் இல்லை, காரின் முன்பக்கத்துக்கு. அதை மறந்துவிடத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. அவன் எங்கேயோ இருக்கான், அவனுக்கு எதுக்கு இதெல்லாம் என்றார், நானும் தலையாட்டினேன், அந்தப் பொய்யில் எனக்கும் பங்கு உண்டு. இப்போது இந்தக் கையால் கத்தரிக்கோலை நாலு அங்குலத்துக்கு மேல் ஓட்ட முடிவதில்லை, என்னிடம் தைத்தவர்களெல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள், அவருடைய காருக்கு மட்டும் புதுப் பெயின்ட் வந்துவிட்டது.

வெல்டர் ஷெட்டுக்கே வந்து பத்து நாள் வேலை செய்தார். இடது பக்கத்து அடிச்சட்டம் விட்டுப்போயிருந்தது. இந்த ஒட்டு வண்டி இங்க நிக்கறதுக்குத்தான் தாங்கும் சார், ரோட்டுல வேகமா ஓட்டிடாதீங்க என்று அவர் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன், நல்ல கையில் டார்ச்சோடு. இடது சீட்டுக்குக் கீழே கம்பளத்தைத் தூக்கினால் அந்த ஒட்டு கையில் நெருடும். அந்தச் சீட்டில்தான் குட்டியை உட்கார வைத்து ஸ்கூலுக்குக் கூட்டிப் போகப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படிக்கும்போது அவர் குரல் கொஞ்சமாவது தடுமாறும் என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். தடுமாறவில்லை. பெத்த பிள்ளையின் தலையில் கட்டுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை, எதுவும் நடக்கவில்லை என்று அவரே நம்பிவிட்டார் போல.

நேற்று சாப்பிடும்போது கேட்டுவிட்டேன், நம்ம பேத்தி உக்காரப் போற சீட்டுங்க அது, உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு என்று. மோர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு முடித்தார். அப்புறம், சரி, அவனுக்கு எழுதிடு என்றார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கை கழுவப் போனவர் திரும்பி வந்து, ஆனா நீ ஓட்டினதா எழுதிடு, என் கண்ணு விஷயம் அவனுக்குத் தெரிய வேண்டாம் என்றார். இந்த முப்பது வருஷத்தில் அந்தக் காரின் சாவியைக்கூட என் கையில் கொடுத்தவர் இல்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பது உனக்குத் தெரியும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, சரி என்று சொல்லிவிட்டேன்.

அதனால் நீ கூப்பிடும்போது, உங்க அம்மா தெரியாம எடுத்து ஓட்டி இடிச்சுட்டாடா என்பார். அப்படியா என்று கேட்டுக்கொள். கண் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருக்கிறார், அதைப் பற்றியும் நீ கேட்க முடியாது, உனக்குத்தான் அது தெரியாதே. கார் வேண்டாம் என்பதை மட்டும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடு, கப்பல் கம்பெனி ஆள் முதல் தேதி வருகிறார், அதற்குள் சொல்லியாக வேண்டும்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள். எந்தக் காரானாலும் குட்டியைப் பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வை. எனக்கென்று இரண்டு வரி எழுதினால் உன் தங்கை வீட்டு விலாசத்துக்கு எழுது.

இப்படிக்கு,
காரை ஓட்டி இடித்த உன் அம்மா