அம்மா மேசையில் கிடந்த கேபிள்

படிக்கப் போன என் பிள்ளைக்கு, உன் குட்டி அம்மா எழுதிக்கொள்வது. இதை யாருக்கும் காட்டாதே அம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், உன் அறையில் இருக்கும் அக்காமாருக்குக்கூட வேண்டாம், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய், நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். பஸ் ஏறும்போது நீதானே சொன்னாய், இனிமே நான்தான் படிக்கிற பிள்ளை, நீதான் எனக்கு அம்மா என்று, அதனால் கேட்கிறேன், ஈரத் தலையோடு படுக்காதே, வகுப்பில் புரியாவிட்டால் கை தூக்கிக் கேள், வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. அப்பா லாரியோடு போனவர் இன்னும் வரவில்லை. போன் இப்போது அத்தையின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

இன்று காலை அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டு உன்னிடம் பேசியதெல்லாம் அடுப்படியில் நின்று கேட்டேன். நீ வேலை பாக்குற சங்கத்துல ஒரு கம்ப்யூட்டரும் வேலை செய்யல, கம்ப்யூட்டர் படிக்க உன்னை அனுப்பினவங்களே திட்டுறாங்க, நீ அங்க உக்காந்து என்னத்தப் படிச்சுக் கிழிக்கிற, வந்து சேரு என்றார். பரீட்சையை விட்டுவிட்டு நாளை ராத்திரி பஸ் ஏறுகிறேன் என்று நீ சொன்னாய். உன் குரல் உடைந்துபோனது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் அம்மா, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தபோதெல்லாம் உன் பழைய சேலையைத் துவைத்து வைக்க வேண்டும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அத்தைக்குத் தெரியாமல் சங்கத்துக்குப் போனேன். எல்லோரும் போய்விட்டார்கள், கூட்டுகிற அக்கா மட்டும் இருந்தார். சக்கர நாற்காலி கேட்டு வந்த பிள்ளைகளின் பெயர்கள் கம்ப்யூட்டருக்குள்ளே மாட்டிக்கொண்டனவாம், மூன்று நாளாக யாருக்கும் நாற்காலி போகவில்லையாம், கம்ப்யூட்டர்களையெல்லாம் இணைக்கிற பெட்டி எரிந்துபோச்சு என்று தலைவியம்மா முடிவே கட்டிவிட்டாராம். சுவரில் இருக்கும் அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். எல்லா விளக்கும் ஒன்றாகப் பைத்தியம் பிடித்த மாதிரி கண்சிமிட்டின. போன மாதம் நீ போனில் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் ஒரே பெட்டியில செருகிட்டா, அனுப்புன செய்தி அதுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரும், பெருகிக்கிட்டே போகும், வேற எதுக்கும் வழி விடாது என்றாயே. ஒவ்வொரு கேபிளாக விரலால் தொட்டுக்கொண்டே போனேன். ஒன்று உன் மேசை வரை போய், திரும்பிப் பெட்டிக்கே வந்தது. நீ லேப்டாப்பை எடுத்துப் போனபிறகு அந்தக் கேபிளின் முனை சும்மாதான் கிடந்திருக்கிறது. கூட்டுகிற அக்காவைக் கேட்டேன். அனாதையாட்டம் தரையில கிடந்துச்சு கண்ணு, பெட்டியில ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு, செருகி விட்டேன் என்றார்.

நான் பிடுங்கவில்லை அம்மா. பிடுங்கினால் நீ வரமாட்டாயே. தெருமுனை வரை வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்தால் யார் இருக்கிறார்கள், அத்தையும் அணைத்து வைத்த டிவியும்தான். ஆனால் ராத்திரி நேரத்தில் நீ போனில் பாடத்தை எனக்கு ஒப்பிக்கும்போது உன் குரலில் ஒரு துள்ளல் இருக்கும், அதை நான் இதற்கு முன்னால் கேட்டதே இல்லை. திரும்பி ஓடிப் போய்ப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கி, ஒன்றுவிட்டு ஒன்று மெதுவாகக் கண்சிமிட்டின. அக்கா ஒரு கம்ப்யூட்டரைப் போட்டார், பிள்ளைகளின் பெயர்கள் வந்துவிட்டன. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து, அடிப்பாவி, நான்தானா, வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் யாருக்கும் காட்டாதே என்றேன்.

பெயர்கள் வந்துவிட்டதென்று அக்கா தலைவியம்மாவிடம் சொல்லிவிட்டார், அதனால் சங்கத்து வேன் டிரைவர் விடியற்காலையில் உன் பக்கம் நாற்காலி இறக்கப் போகிறார், இதை அவர் கையில் கொடுப்பேன். அத்தை மறுபடி கூப்பிட்டு அழுதாலும் கிளம்பாதே. பரீட்சையைப் பதறாமல் எழுது, நீ முதலாவதாக வருவாய், உன் குட்டி அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. பேனா இரண்டாக எடுத்துப் போ. உன் கேபிளைச் சுருட்டி உன் மேசை மேலேயே வைத்திருக்கிறேன், நீ வந்து

கதவைத் தட்டுகிறார்கள். அத்தைதான், தெரியும். ஆனாலும் ஒரு நொடி நீயோ என்று